தடையை அளந்தவர்

நுழையும்முன்

மலையிலிருந்து விழும் நீர், நெடுந்தொலைவு கடந்து நம் வீட்டில் விளக்காக ஒளிர்கிறது. நீருக்கும் விளக்குக்கும் இடையே கம்பிகளும் கணக்குகளும் இருக்கின்றன. அக்கணக்குகளைத் தம் வாழ்நாட் பணியாகக் கொண்டவர் அ. லலிதா. பொறியியல் கல்லூரியின் வாயிலைப் பெண்கள் மிதித்தறியாத காலத்தில், கைக்குழந்தையோடு கைம்மை எய்திய இளம்பெண் ஒருவர் மின்பொறியாளராக உயர்ந்த வரலாறு இப்பாடமாக அமைகிறது.

அருவி கற்பிக்கும் பாடம்

ஆனித் திங்களில் தென்மேற்குப் பருவக்காற்று செங்கோட்டைக் கணவாய் வழியே புகுந்து, தென்காசித் தெருக்களில் சாரலைத் தூவும். அந்நாள்களில் குற்றாலத்தின் பேரருவியில் நீராடுவோர், நீரின் வலிமையைத் தம் தோள்களில் உணர்வர். மேலேயுள்ள பொங்குமாகடல் என்னும் பாறைக்குழி, விழும் நீரை முதலில் தாங்கித் தணித்து அனுப்பாவிட்டால் அந்த அடியைத் தாங்குதல் அரிது. கோடையில் அதே உயரத்திலிருந்து நூலிழைபோல் நீர் கசியும்போது அந்த வலிமை இருப்பதில்லை. அருவிநீர் சிற்றாறாகித் தென்காசியைத் தழுவிச் சமவெளியில் நடக்கையிலும் அந்த வேகம் இருப்பதில்லை; நீர் நிறைய இருந்தும் வீழ்ச்சி இல்லை. ஆக, நீரின் ஆற்றலுக்கு உயரமும் வேண்டும், அளவும் வேண்டும். இரண்டில் ஒன்று குறைந்தாலும் ஆற்றல் குறையும்.

மின்சாரத்தின் இயல்பும் ஏறத்தாழ இத்தகையதே. அருவியின் உயரத்தைப் போன்றது மின்னழுத்தம். அதனை வோல்ட் என்னும் அலகால் அளக்கிறோம். பாயும் நீரின் அளவைப் போன்றது மின்னோட்டம்; அதன் அலகு ஆம்பியர். நீர் செல்லும் வழியில் பாறையும் குறுகலும் தடுப்பது போல, கம்பியும் கருவியும் மின்னோட்டத்தைத் தடுக்கின்றன. அதுவே மின்தடை, அதன் அலகு ஓம். மின்னழுத்தத்தை மின்னோட்டத்தால் வகுத்தால் மின்தடை கிடைக்கும். மின்னழுத்தத்தை மின்னோட்டத்தால் பெருக்கினால் மின்திறன் கிடைக்கும். அதன் அலகு வாட். செருமானிய நாட்டுப் பள்ளி ஆசிரியரான கியார்க் சைமன் ஓம் மின்தடை பற்றிய விதியை 1827இல் நூலாக வெளியிட்டார். அவர் பெயரே இன்று மின்தடையின் அலகாக வழங்குகிறது.

பொதிகை மலையின் நீரைக் கொண்டு பாபநாசத்தில் 1944ஆம் ஆண்டு புனல் மின்நிலையம் இயங்கத் தொடங்கியது. அதற்குமுன் 1932இல் பைக்காராவிலும், 1937இல் மேட்டூரிலும் நீர்வீழ்ச்சி மின்சாரமாக மாறியிருந்தது. மின்சாரத்தை ஆக்குவது பணியின் ஒரு பாதியே. அதனை மலையிலிருந்து ஊருக்கும், ஊரிலிருந்து வீட்டுக்கும் இழப்பின்றியும் இடரின்றியும் கொண்டு சேர்ப்பது மறுபாதி. பாபநாசத்தில் சுழலிகள் சுழலத் தொடங்கிய அக்காலத்தில்தான், சென்னைக் கிண்டிப் பொறியியல் கல்லூரியில் ஓர் இளம்பெண் அந்த மறுபாதிக் கலையைக் கற்று வெளிவந்திருந்தார். இந்தியாவின் முதல் பெண் மின்பொறியாளராக இன்று போற்றப்படும் அய்யலசோமயாஜுல லலிதாவே அவர்.

பதினெட்டில் நேர்ந்த இழப்பு

லலிதா 1919ஆம் ஆண்டு ஆகஸ்டு 27ஆம் நாள் சென்னையில், தெலுங்கு பேசும் நடுத்தரக் குடும்பத்தில் பிறந்தார். உடன்பிறந்தோர் எழுவருள் அவர் ஐந்தாமவர். தந்தை பப்பு சுப்பாராவ், கிண்டிப் பொறியியல் கல்லூரியில் மின்பொறியியல் பேராசிரியர். வீட்டில் ஆண்மக்கள் பொறியாளர்களாயினர். பெண்மக்களுக்கோ அடிப்படைக் கல்வியோடு திருமணம் என்பதே அன்றைய வழக்கம். அவ்வழக்கத்துக்கு லலிதாவும் விலக்காகவில்லை. பதினைந்தாம் அகவையில் அவருக்கு மணம் முடிந்தது. ஆயினும் மணத்திற்குப் பின்னரும் அவர் பள்ளியிறுதி வகுப்புவரை படிக்கவேண்டும் என்பதில் தந்தை உறுதியாக இருந்தார்.

1937ஆம் ஆண்டில் லலிதாவின் கணவர் காலமானார். அப்போது லலிதாவுக்கு அகவை பதினெட்டு. மகளுக்கு நான்கு மாதம். கைம்பெண்களின் வாழ்வை அக்காலச் சமூகம் எவ்வாறு சுருக்கி வைத்திருந்தது என்பதை நாம் அறிவோம். தலைமுடி களைதல், வண்ண ஆடை துறத்தல், நல்விழாக்களில் விலகி நிற்றல், வீட்டின் ஒரு மூலையில் ஒடுங்கி வாழ்தல் முதலியன பல குடும்பங்களில் கட்டளைகளாகவே நிலவின. மறுமணம் என்பது நினைத்தற்கும் அரிய ஒன்று. பதினெட்டு வயதில் தொடங்கும் அத்தகைய வாழ்வு, ஐம்பது அறுபது ஆண்டுகள் நீளக்கூடியது.

அந்த நெடிய வெறுமையை ஏற்க லலிதா உடன்படவில்லை. தம் குழந்தையைத் தாமே வளர்க்கவேண்டும். அதற்குத் தமக்கெனத் தொழில் வேண்டும். தொழிலுக்குக் கல்வி வேண்டும் என்று அவர் தெளிந்தார். தந்தையும் உடன்பிறந்தோரும் துணைநின்றனர். சென்னை இராணி மேரிக் கல்லூரியில் இடைநிலை வகுப்பில் சேர்ந்து, முதல் வகுப்பில் தேறினார்.

அடுத்து எத்துறையைத் தேர்வது என்னும் வினா எழுந்தது. அறிவியல் கற்ற பெண்களுக்கு அன்று திறந்திருந்த தொழில்வாயில் மருத்துவமே. ஆனால் மருத்துவர் நள்ளிரவிலும் அழைப்புக்குச் செல்லவேண்டியவர். கைக்குழந்தையுடைய தமக்கு அது பொருந்தாது என லலிதா எண்ணினார். குறித்த நேரத்தில் தொடங்கிக் குறித்த நேரத்தில் முடியும் பணியே அவருக்குத் தேவைப்பட்டது. தந்தையும் தமையன்மாரும் பொறியாளர்களாக இருந்த வீட்டில் பொறியியலே இயல்பான விடையாகத் தோன்றியது. ஆனால் இந்தியாவில் அதுவரை எந்தப் பெண்ணும் அவ்விடையை எழுதியிருக்கவில்லை.

கிண்டியில் ஒரு மாணவி

1794ஆம் ஆண்டில் நில அளவைப் பள்ளியாகத் தோன்றி வளர்ந்த கிண்டிப் பொறியியல் கல்லூரி, அதுகாறும் ஆண்கள் மட்டுமே பயின்ற இடமாகும். சுப்பாராவ் தம் மகளுக்காகக் கல்லூரி முதல்வர் கே.சி. சாக்கோவிடம் பேசினார். முதல்வர் இசைந்தார். அன்றைய பொதுக்கல்வி இயக்குநர் ஆர்.எம். ஸ்டேதமும் ஒப்புதல் அளித்தார். 1940ஆம் ஆண்டு லலிதா மின்பொறியியல் வகுப்பில் சேர்ந்தார்.

நூற்றுக்கணக்கான ஆண்கள் பயிலும் வளாகத்தில் ஒரே ஒரு பெண். உடன்பயின்ற மாணவர்கள் அவரை இகழாது உதவியாகவே இருந்தனர். ஆனால் விடுதியில் தனியே தங்குவதும், மாலையில் பேச ஒரு தோழி இல்லாமையும் எளிதில் தாங்கக் கூடியனவல்ல. குழந்தை அருகில் இருந்த தமையன் வீட்டில் வளர்ந்தது. வார இறுதிகளில்தான் தாய் மகளைக் கண்டார். பாடத்தின் கடுமையைவிட இப்பிரிவின் கடுமையே பெரிதாக இருந்திருக்கும் என நாம் உய்த்துணரலாம்.

மகளின் தனிமையைக் கண்ட தந்தை, கல்லூரியில் பெண்களுக்கும் இடமுண்டு என்பதைப் பலரும் அறியுமாறு விளம்பரம் செய்வித்தார். அதன் பயனாக அடுத்த ஆண்டில் லீலம்மா ஜார்ஜ், பி.கே. திரேசியா ஆகிய இருவர் கட்டடப் பொறியியல் பிரிவில் சேர்ந்தனர். ஒருவருக்காகத் திறந்த வாயில் மூவருக்கு வழியாயிற்று. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் படிப்புக்காலம் குறைக்கப்பட்டமையால் மூவரும் ஒருசேரப் படிப்பை நிறைவு செய்தனர். திரேசியா பிற்காலத்தில் கேரளப் பொதுப்பணித் துறையின் தலைமைப் பொறியாளராக உயர்ந்தார்.

1943இல் லலிதா பட்டம் பெற்றார். அக்கல்லூரியின் பட்டச் சான்றிதழ்களில் மாணவரைக் குறிக்கும் ஆண்பாற் சொல்லே அச்சிடப்பட்டிருந்தது. பெண்ணொருவர் அதனைப் பெறுவார் என்று அச்சிட்டவர்கள் எண்ணியதேயில்லை. ஆதலால் அச்சொல்லை அடித்துவிட்டுப் பெண்பாற் சொல்லைக் கையால் எழுதி வழங்கினர். அந்தச் சிறு திருத்தம், ஒரு நூற்றாண்டுக்கும் மேற்பட்ட வழக்கத்தின்மீது விழுந்த கோடாகும்.

தெரிந்து தெளிவோம்

ஒரு வீட்டின் மின்னழுத்தம் 230 வோல்ட். அங்கே நீர் சூடாக்கும் கருவியொன்றை இயக்கும்போது 5 ஆம்பியர் மின்னோட்டம் பாய்கிறது எனக் கொள்வோம்.

மின்தடை = 230 ÷ 5 = 46 ஓம்.
மின்திறன் = 230 × 5 = 1150 வாட்.

மின்னோட்டத்தின் இருமடியை மின்தடையால் பெருக்கினாலும் (5 × 5 × 46) அதே 1150 வாட் கிடைக்கும். விடையைச் சரிபார்க்க இவ்வழி உதவும். அக்கருவி இரண்டு மணிநேரம் இயங்கினால் 2300 வாட்-மணி, அதாவது 2.3 யூனிட் மின்சாரம் செலவாகும். மின்கட்டண அட்டையில் நாம் காணும் யூனிட் என்பது 1000 வாட்-மணி ஆகும்.

பணிக்களம்

பட்டம் பெற்ற லலிதா, பீகாரின் ஜமால்பூர் இரயில்வே பணிமனையில் ஓராண்டு தொழிற்பயிற்சி பெற்றார். பின்னர்ச் சிம்லாவில் இயங்கிய மத்தியத் தரநிர்ணய அமைப்பில் பொறியியல் உதவியாளராகப் பணியாற்றினார். அங்கு வாழ்ந்த தமையன் குடும்பத்தோடு தங்கியமையால் மகளையும் உடன் வைத்துக்கொள்ள முடிந்தது. அப்பணிக்குப் பின் சில திங்கள் தந்தையின் ஆய்வுகளுக்குத் துணைநின்றார். புகையில்லா அடுப்பு, மின்னால் இயங்கும் இசைக்கருவி முதலியன அத்தந்தையின் ஆய்வுகளுள் அடங்கும்.

குடும்பத்தின் பொருள்நிலை அவரை நிலையான ஊதியம் தரும் பணியை நாடச்செய்தது. 1948இல் கல்கத்தாவிலிருந்த அசோசியேட்டட் எலக்ட்ரிக்கல் இண்டஸ்ட்ரீஸ் என்னும் நிறுவனத்தில் பொறியாளராகச் சேர்ந்தார். அந்நகரிலும் உடன்பிறந்தார் குடும்பம் இருந்தது. ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் அவருடைய தொழில்வாழ்வு கல்கத்தாவிலேயே கழிந்தது. மின்செலுத்து தொடர்களை வடிவமைத்தல், துணைமின் நிலையங்களில் எக்கருவி எங்கே அமையவேண்டும் எனத் திட்டமிடுதல், மின்காப்பு அமைப்புகளை வகுத்தல் ஆகியன அவருடைய பணிகளாக இருந்தன. சட்லஜ் ஆற்றின் குறுக்கே எழுந்த பக்ரா அணையின் மின்னியற்றிகள் தொடர்பான பணியிலும் அவர் பங்கேற்றார். விடுதலை பெற்ற இந்தியா தன் ஊர்களுக்கு ஒளியூட்ட முனைந்த காலம் அது.

தொலைவை வென்ற கணக்கு

மின்செலுத்து தொடரை வடிவமைப்பவர் முதலில் எதிர்கொள்வது கம்பியின் தடையையே. எத்துணை நல்ல கம்பியாயினும் சிறிதளவு தடை அதில் இருந்தே தீரும். அத்தடையைக் கடக்கும்போது மின்சாரத்தின் ஒரு பகுதி வெப்பமாகி வீணாகிறது. வீணாகும் திறன், மின்னோட்டத்தின் இருமடியையும் கம்பியின் தடையையும் பெருக்கி வரும் அளவாகும்.

ஓர் எடுத்துக்காட்டால் இதனை விளக்கலாம். மலையடிவார மின்நிலையத்திலிருந்து 10 இலட்சம் வாட் திறனை ஓர் ஊருக்கு அனுப்பவேண்டும். இடையிலுள்ள கம்பிகளின் மொத்தத் தடை 10 ஓம் எனக் கொள்வோம். கணக்கின் எளிமைக்காகப் பிற காரணிகளை ஒதுக்கிவிடலாம். 11,000 வோல்ட் அழுத்தத்தில் அனுப்பினால் ஏறத்தாழ 91 ஆம்பியர் மின்னோட்டம் பாயும். வழியில் ஏறத்தாழ 82,600 வாட் வெப்பமாகிப் போகும். அதே திறனை 1,10,000 வோல்ட் அழுத்தத்தில் அனுப்பினால் மின்னோட்டம் ஏறத்தாழ 9 ஆம்பியராகக் குறையும். இழப்போ ஏறத்தாழ 826 வாட் மட்டுமே. கம்பி அதுவே, தடையும் அதுவே. அழுத்தம் பத்து மடங்கு உயர, இழப்பு நூறில் ஒரு பங்காகச் சுருங்குகிறது. வயல்வெளிகளின் மேலே உயர்ந்த எஃகுக் கோபுரங்கள் உயர் அழுத்தக் கம்பிகளைத் தாங்கி நிற்பதன் காரணம் இதுவே.

ஆனால் அழுத்தம் உயர உயர இடரும் உயரும். கம்பிக்கும் கோபுரத்துக்கும் இடையே வலிய காப்பான்கள் வேண்டும். ஊர் எல்லையில் அழுத்தத்தைக் குறைக்க மின்மாற்றிகள் வேண்டும். கிளை முறிந்து கம்பிமேல் விழுந்தாலோ, இரு கம்பிகள் ஒன்றையொன்று தொட்டாலோ தடை திடீரெனக் குறைந்துவிடும். 230 வோல்ட் அழுத்தத்தில் 46 ஓம் தடை வழியே 5 ஆம்பியர் பாய்கிறது என மேலே கண்டோம். அத்தடை அரை ஓமாகக் குறைந்தால் 460 ஆம்பியர் பாயும். கம்பி உருகித் தீப்பற்றும். அந்நிலை நேர்ந்த கணமே பழுதுற்ற பகுதியை மட்டும் துண்டித்து, எஞ்சிய ஊர்களுக்கு ஒளியைக் காப்பதே மின்காப்பு அமைப்பின் பணி. லலிதா தம் மேசையில் அமர்ந்து வரைந்த திட்டங்களும் போட்ட கணக்குகளும் இத்தகைய இடர்களை முன்கூட்டியே எண்ணி, அவற்றுக்கு விடை கண்டவையாகும்.

தடை மிகுந்தால் ஆற்றல் வீணாகும். தடையே இல்லையெனில் அழிவு நேரும். ஆதலால் பொறியாளர் தடையைக் கண்டு அஞ்சுவதுமில்லை, வெறுப்பதுமில்லை, அளந்து அறிகிறார். எவ்வளவு என்று அறிந்தபின் அதற்கேற்ற அழுத்தத்தைத் தேர்கிறார். லலிதா கைக்கொண்ட தொழிலின் உள்ளுறை இதுவே. அவர் தம் வாழ்வை நடத்திய முறையும் இதனின் வேறன்று. குழந்தை வளர்ப்பு, கல்விச் செலவு, தங்குமிடம், பணிநேரம் என ஒவ்வொரு தடையையும் அவர் எடைபோட்டார். அதற்கேற்பத் துறையையும் ஊரையும் பணியையும் தேர்ந்தார்.

உலக அரங்கில்

இலண்டனிலிருந்த மின்பொறியாளர் கழகம் 1953இல் லலிதாவை இணை உறுப்பினராகவும், 1966இல் முழு உறுப்பினராகவும் ஏற்றது. 1964ஆம் ஆண்டு ஜூன் திங்களில் பெண் பொறியாளர்கள், அறிவியலாளர்களின் முதல் உலக மாநாடு நியூயார்க் நகரில் நடைபெற்றது. அதற்கு அழைக்கப்பட்ட லலிதா, தம் நாட்டில் அத்தகைய பெண்களுக்கென ஓர் அமைப்பே இல்லாத நிலையில், தனியொருவராகச் சென்று கலந்துகொண்டார். கிண்டி வளாகத்தில் ஒரே பெண்ணாக நின்றவர், கால் நூற்றாண்டு கழித்துப் பல நாட்டுப் பெண் பொறியாளர்கள் நிறைந்த அவையில் சேலை அணிந்து வீற்றிருந்தார். 1965இல் இலண்டன் பெண்கள் பொறியியல் சங்கத்தின் உறுப்பினரானார். 1967இல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் நடந்த இரண்டாம் மாநாட்டுக்கு இந்தியாவின் சார்பாளராகச் செயற்பட்டார்.

இத்தகைய பெருமைகளுக்கு இடையிலும் அவருடைய முதல் நோக்கம் மாறவில்லை. அவர் மறுமணம் செய்துகொள்ளவில்லை. நான்கு மாதக் குழந்தையாகத் தந்தையை இழந்த மகள் நன்கு கற்று, ஆசிரியப் பணியை மேற்கொண்டார். எந்தக் குழந்தைக்காக ஒரு தொழிலைத் தேடினாரோ, அக்குழந்தையின் வாழ்வு சிறக்கக் கண்டார் லலிதா. 1977இல் பணி ஓய்வு பெற்ற அவர், 1979ஆம் ஆண்டு அக்டோபர் 12ஆம் நாள் தம் அறுபதாம் அகவையில் இயற்கை எய்தினார்.

நிறைவாக

இன்று குற்றாலத்தில் நீராடித் தென்காசிக்குத் திரும்புவோர், கீழ்த்திசைச் சமவெளியில் காற்றாலைகள் சுழல்வதைக் காணலாம். சாரலைக் கொணரும் அதே கணவாய்க் காற்று, அங்கே மின்சாரமாகிறது. அதனை ஏந்திச் செல்லும் கம்பிகள் சிற்றாற்றைக் கடந்தும் வயல்களைக் கடந்தும் நெடுந்தொலைவு ஓடுகின்றன. அக்கம்பிகள் ஒவ்வொன்றின் தடையையும் யாரோ ஒருவர் கணக்கிட்டிருக்கிறார். ஒவ்வொரு துணைமின் நிலையத்தின் காப்பையும் யாரோ ஒருவர் வகுத்திருக்கிறார். அவர்களுள் பெண்கள் பலர் உளர். பொறியியல் கல்லூரி வகுப்புகளில் மாணவியர் வரிசை வரிசையாக அமர்ந்திருப்பது இன்று யாருக்கும் வியப்பளிப்பதில்லை.

வியப்பளிக்காத அந்நிலையை உண்டாக்கியதே லலிதா விட்டுச்சென்ற செல்வம். அவருக்கு வழங்கிய சான்றிதழில் ஒரு சொல்லை அடித்துத் திருத்தவேண்டியிருந்தது. இன்று பட்டம் பெறும் மாணவிக்கு அத்திருத்தம் தேவையில்லை. வீட்டில் விளக்கேற்றும் விசையை அழுத்துகையில், மலைநீரின் உயரத்தையும் கம்பியின் தடையையும் ஒருசேர எண்ணிப் பார்ப்போம். அத்தடையை அளந்தவர்களுள் முதன்மையான ஒரு பெண்ணையும் நினைவுகூர்வோம்.